பயிற்சிக்குப் பிறகு மாணவர்களின் நம்பிக்கை குறைந்தால்: வேலைத்திறன் நம்பிக்கையை அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் கேட்டிருக்கிறார். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க வேலைவாய்ப்புத் திறன் பயிற்சி நடந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் "உங்கள் பேச்சுத் திறனில் எவ்வளவு நம்பிக்கை?", "நேர்காணலைச் சந்திப்பதில் எவ்வளவு நம்பிக்கை?" என்பது போன்ற பத்துக் கேள்விகளை கூகுள் ஃபார்மில் 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னார்கள். சராசரி ஏறவில்லை. சில கேள்விகளில் இறங்கியே விட்டது. அப்படியானால் பயிற்சி வீணா? சரியாக அளப்பது எப்படி?

இறங்கிய சராசரியை மட்டும் வைத்துப் பயிற்சி தோற்றுவிட்டது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். நல்ல பயிற்சிக்குப் பிறகும் இப்படி நடக்கும். ஜூலையில் ஒரு மாணவர் நேர்காணல் கேள்விக்கு 4 போட்டபோது, அவர் ஒரு நேர்காணலுக்குக்கூடப் போயிருக்க மாட்டார். பெயர், ஊர், குடும்பம், பிடித்த பாடம் என்று கேட்பார்கள், சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார். நவம்பருக்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "புராஜெக்ட்டில் நீங்கள் செய்த பகுதி எது? ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று குடைந்து கேட்பார்கள் என்று புரிந்துவிட்டது. இப்போது அவர் 3 போடுகிறார். அவரால் முன்பைவிட நன்றாகச் செய்ய முடிகிறது. ஆனால் எதை "நன்றாக" என்று எண்ணுகிறாரோ அந்த எல்லையே மேலே போய்விட்டது.

இதை 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹோவர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் விளக்கினார்கள். பிடிவாதப் போக்கைக் குறைப்பதற்கான ஒரு பயிற்சியில், முடிவில் ஆட்கள் முன்பைவிடப் பிடிவாதமாகிவிட்டதாகக் கருத்தாய்வு காட்டியது. அவர்களிடம் பேசிப் பார்த்தபோது, "முன்பு நான் எவ்வளவு பிடிவாதக்காரன் என்றே எனக்குத் தெரியாது, இப்போதுதான் தெரிகிறது" என்ற பொருளில் பதில்கள் வந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் பின்னோக்கிக் கேட்கும் முறை. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்பார்கள்: இப்போது உங்களால் எவ்வளவு முடியும்? இன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், பயிற்சி தொடங்கிய அன்று எவ்வளவு முடிந்திருக்கும்? இரண்டையும் ஒரே அளவுகோலில் மாணவர் மதிப்பிடுவதால் ஒப்பீட்டுக்கு ஓர் அர்த்தம் வருகிறது.

ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து படித்தவருக்கு, தான் முன்னேறியிருப்பதாகக் காட்டிக்கொள்ள இயல்பாகவே ஆசை இருக்கும். பழைய நிலையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டுவிடுவார். அதனால் தொடக்கத்தில் கேட்டதையும் விட்டுவிடாமல், முடிவில் இதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்கு ஒரு தகவல்.

சரி, இது சிக்கலின் ஒரு பகுதி. பெரிய சிக்கல் கேள்விகளிலேயே இருக்கிறது.

"உங்கள் பேச்சுத் திறனில் எவ்வளவு நம்பிக்கை?" என்ற கேள்வி அளப்பது மாணவரின் பொதுவான மனநிலையை. சமைக்கத் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேர் தெரியும் என்பார்கள். இருபது பேருக்கு ஒரு மணி நேரத்தில் சாம்பார், ரசம், பொரியல் செய்ய முடியுமா என்று கேட்டால்தான் அவரவர் யோசித்துப் பதில் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகைக் கேள்வி.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா. 1977-இல் அவர் எழுதிய கட்டுரையில், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்து முடிக்க என்னால் இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் நம்பிக்கையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தன்திறன் நம்பிக்கை என்று இதைச் சொல்லலாம். தன்னை மதிப்பது வேறு, இது வேறு. தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ள ஒருவருக்கு எக்செல் பற்றித் துளி நம்பிக்கையும் இல்லாமல் இருக்கலாம். கூட்டத்தில் வாய் திறக்காத ஒரு பெண்ணுக்குக் கணக்குப் பதிவேட்டில் எந்தப் பிழையையும் பிடித்துவிடுவேன் என்ற உறுதி இருக்கலாம்.

தன்திறன் நம்பிக்கை பற்றிய பந்துராவின் ஆரம்பகால ஆய்வுகள் பாம்புக்கு மிகவும் பயப்படுகிறவர்களோடு நடந்தவை. பாம்பு இருக்கும் கூண்டை நெருங்குவது, தொடுவது, கையில் எடுப்பது, மடியில் ஊர்ந்து போக விடுவது என்று எளியதிலிருந்து கடினமானது வரை படிப்படியாகச் செயல்களை வரிசைப்படுத்தினார்கள். இதில் எதெதைச் செய்ய முடியும், எவ்வளவு உறுதி என்று முதலில் கேட்டார்கள். பிறகு அதே செயல்களைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டதும் செய்யச் சொன்னதும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. நம் கல்லூரி ஃபார்ம்களில் விட்டுப்போவது இந்த இரண்டும்தான்: படிநிலையும் இல்லை, செய்து பார்ப்பதும் இல்லை.

தன்திறன் நம்பிக்கைக்கான அளவுகோலைச் செய்வது எப்படி என்று 2006-இல் அவர் ஒரு வழிகாட்டியும் எழுதினார். அதில் நமக்கு உடனே பயன்படுகிறவை சில. கேள்வி "செய்வேன்" என்று இருக்கக் கூடாது, "செய்ய முடியும்" என்று இருக்க வேண்டும். முதலாவது எண்ணத்தைக் கேட்கிறது, இரண்டாவது இயலுமா என்பதைக் கேட்கிறது. எல்லாருக்கும் எளிதாக முடிகிற செயல்களை மட்டும் கேட்டால் எல்லாரும் உச்சத்தில் நின்றுவிடுவார்கள், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. அதனால் கடினமும் தடைகளும் உள்ளே வர வேண்டும். மதிப்பெண் 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக. 0 என்றால் சுத்தமாக முடியாது, 50 என்றால் ஓரளவு உறுதி, 100 என்றால் நிச்சயமாக முடியும். நம் மாணவர்கள் 1 முதல் 5 வரை என்று வந்தால் 4-லும் 5-லுமே நின்றுவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 60-க்கும் 80-க்கும் இடையே யோசிக்க இடம் இருந்தால் யோசிப்பார்கள். எழுத்துத் திறன் நம்பிக்கையில் ஃப்ராங்க் பஹாரஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-இல் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டபோது, 0 முதல் 100 வரையிலான அளவே எழுத்தில் மாணவர்கள் உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்பதோடு நன்றாக ஒத்துப்போனது.

நேர்காணலுக்கு ஒரு மாதிரி வரிசை தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவர் 0 முதல் 100 வரை போட வேண்டும்.

என் புராஜெக்ட் எதைப் பற்றியது என்று வகுப்புத் தோழருக்குத் தமிழில் இரண்டு நிமிடம் சொல்ல முடியும்.

என் பாடமே தெரியாத ஒருவருக்கு அதைத் தமிழில் ஐந்து நிமிடம் புரியும்படி விளக்க முடியும்.

முன்பின் தெரியாத இருவர் முன்னால், குறிப்பைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்ல முடியும்.

அவர்கள் நடுவில் நிறுத்தி "இது ஏன்?" என்று கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லி, அதை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று விளக்க முடியும்.

இப்படி ஒவ்வொரு திறனுக்கும் நான்கைந்து படிகள் போதும். ரெஸ்யூமே எழுதுவது, ஆப்டிட்யூட் கேள்விகளை நேரத்துக்குள் முடிப்பது, குழுவில் மற்றவர் கருத்தை மறுத்துப் பேசுவது, எக்செல்லில் ஒரு விற்பனைப் பட்டியலைத் தொகுப்பது, ஒரு வேலை விளம்பரத்தைப் படித்து அது தனக்குப் பொருந்துமா என்று முடிவெடுப்பது என்று உங்கள் மாணவர்களுக்கு உண்மையில் தேவைப்படுகிறவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பி.காம் மாணவருக்கும் பி.எஸ்சி. வேதியியல் மாணவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. ஏழெட்டுத் திறன், மொத்தம் முப்பது சொச்சம் கேள்வி. அதற்கு மேல் போனால் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மேலே உள்ள வரிசையில் தமிழையும் ஆங்கிலத்தையும் நான் பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பதிலில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதையே. நம் கல்லூரிகளில் வேலைத்திறன் நம்பிக்கை என்று அளக்கப்படுவதில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் நம்பிக்கை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவர் ஒருவரிடம் "உங்களால் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண முடியுமா, குழுவாக வேலை செய்ய முடியுமா, தலைமை ஏற்க முடியுமா" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்துக் கேட்டால், அவர் மனதில் ஓடுவது ஒரே படம்தான்: எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் நின்று பேசுவது. எல்லாக் கேள்விக்கும் 2 போட்டுவிடுகிறார். அவர் விடுமுறையில் அப்பாவின் மளிகைக் கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டவராக இருக்கலாம். கடன் நோட்டு, சரக்கு வரவு, கோபமாக வரும் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் சமாளித்தவராக இருக்கலாம். அந்தத் திறன் உங்கள் ஃபார்மில் எங்கும் பதிவாகாது. நீங்களும் அவரைத் தன்னம்பிக்கை குறைந்தவர் என்ற பட்டியலில் சேர்த்து, மறுபடியும் ஒரு ஊக்கப் பேச்சுக்கு அனுப்பிவிடுவீர்கள். அவருக்குத் தேவைப்பட்டது மூன்று மாத ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மட்டும்.

ஆகவே கேள்வித்தாள் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலம் தேவைப்படும் இடங்களில் மட்டும் "ஆங்கிலத்தில்" என்ற சொல் கேள்விக்குள் வரட்டும். தமிழ் தெரியாத மாணவர்களுக்கு ஆங்கிலப் படி தனியாக இருக்கலாம். எழுதி முடித்ததும் ஐந்தாறு மாணவர்களை, பல துறைகளிலிருந்தும், தனித்தனியாக உட்கார வைத்து, "இந்தக் கேள்வியைப் படித்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்தது? ஏன் 60 போட்டீர்கள்?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கருத்தாய்வுத் துறையில் இது வழக்கமான சோதனை. நீங்கள் ஒன்றை நினைத்து எழுதியிருப்பீர்கள், அவர்கள் வேறொன்றைப் புரிந்துகொண்டிருப்பார்கள். ஒரு மதியம் போதும், பாதிக் கேள்விகளைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே உலக அளவில் பயன்படுத்தும் அளவுகோல்கள் இருக்கும்போது நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்க உளவியலாளர்கள் கெயில் ஹாக்கெட், நான்சி பெட்ஸ் இருவரும் 1981-இல் பந்துராவின் கருத்தைத் தொழில் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். 1983-இல் டெய்லரும் பெட்ஸும் தொழில் முடிவெடுக்கும் நம்பிக்கைக்கு 50 கேள்விகள் கொண்ட அளவுகோல் செய்தார்கள், 1996-இல் அது 25 கேள்விகளாகச் சுருங்கியது. தன்னைச் சரியாக எடைபோடுவது, தொழில்கள் பற்றித் தகவல் திரட்டுவது, இலக்கைத் தேர்வது, திட்டமிடுவது, தடை வந்தால் சமாளிப்பது என்று ஐந்து பகுதிகள். மிக நல்ல கருவி. ஆனால் கவனியுங்கள், அது எந்த வேலைக்குப் போவது என்று முடிவெடுக்கும் நம்பிக்கையை அளக்கிறது. அந்த வேலையைச் செய்யும் திறனைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டல் வகுப்பு நடத்தினால் அதைப் பயன்படுத்தலாம். உங்கள் பயிற்சியை அளக்க அது பொருந்தாது.

1996-இல் பெட்ஸ், போர்கன், ஹார்மன் மூவரும் கொண்டுவந்த திறன் நம்பிக்கைப் பட்டியல் உங்கள் தேவைக்கு இன்னும் நெருக்கமானது. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு தொழில் வகைகளுக்கும் தலா 10, மொத்தம் 60 செயல்கள். கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, மக்களுக்கு உதவுவது, ஆட்களை ஒப்புக்கொள்ள வைத்து நடத்துவது, ஒழுங்காகப் பதிவு வைப்பது என்று அந்த வகைகளைச் சொல்லலாம். இதை ஆர்வப் பட்டியலோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஆர்வம் அதிகம், நம்பிக்கை குறைவு என்று வரும் இடம்தான் வழிகாட்டுகிறவருக்கு மிக முக்கியம், ஏனென்றால் அங்கே பயிற்சி கொடுத்தால் ஒரு கதவு திறக்கும். இந்த யோசனையை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கருவியை அப்படியே எடுக்க முடியாது. இவை உரிமம் உள்ளவை, அனுமதி வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும், மொழிபெயர்க்கவும் அனுமதி வேண்டும். அதோடு அமெரிக்க மாணவர்களுக்காக எழுதிய செயல்கள் எல்லாம் இங்கே அதே பொருளைத் தராது.

அடுத்து, யார் படிக்கப் போகிறார்கள் என்ற பயம். வேலை வாங்கித் தரும் பொறுப்பில் இருக்கிற உங்களிடமே "எனக்கு முடியாது" என்று எழுதித் தர எந்த மாணவருக்குத் துணிச்சல் வரும்? கம்பெனி வரும்போது பெயரை எடுத்துவிடுவார்களோ என்று யோசிப்பார்கள். சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் நிரப்பச் சொன்னால் இன்னும் மோசம். பொறியியல் கல்லூரிகளில் அங்கீகாரத்துக்காகப் பாட முடிவில் வாங்கும் கருத்தாய்வுகளைப் பாருங்கள். மேலே ஏற வேண்டிய எண் ஒன்று இருக்கிறது என்று மாணவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். எல்லாரும் 5 போடுகிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து மாணவரைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள முடியாது.

இதற்கு எளிய வழி, மாணவரே ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கிக்கொள்வது. அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்பதுபோல. முன்பும் பின்பும் ஒரே குறியீடு வருவதால் ஒரே ஆளின் மாற்றத்தைப் பார்க்கலாம், பெயர் வேண்டாம். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி பதிவாகும் வசதியை அணைத்துவிட்டு, அணைத்துவிட்டோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். துறை ஆசிரியர் இல்லாமல் வேறு யாராவது வகுப்பில் நடத்தட்டும். தலைப்பில் "தன்னம்பிக்கை" என்ற சொல்லே வேண்டாம், "செயல்களைப் பற்றிய மதிப்பீடு" என்று சாதாரணமாகப் போடுங்கள். பந்துராவும் இப்படிப் பொதுவான தலைப்பைத்தான் பரிந்துரைத்தார். முதலில் பழகிக்கொள்ள ஒரு விளையாட்டுக் கேள்வியும் வைத்தார்: இவ்வளவு எடையைத் தூக்க முடியுமா, இதைவிட அதிகம் என்றால், இன்னும் அதிகம் என்றால் என்று. அரிசி மூட்டையை வைத்து 5 கிலோ, 10 கிலோ, 25 கிலோ, 75 கிலோ என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு நிமிடத்தில் அளவுகோல் பிடிபட்டுவிடும்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம்பிக்கையை மட்டும் அளந்தால் அரைத் தகவல்தான் கிடைக்கும். கேட்ட செயலில் சிலவற்றையாவது செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஏழெட்டுத் திறனில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட மாதிரி நேர்காணல், ஒரு வேலை விளம்பரத்துக்கு ஏற்ற ரெஸ்யூமே, எக்செல்லில் அரை மணி நேர வேலை. நேர்காணலுக்கு வெளியாள் ஒருவர், முன்னாள் மாணவராக இருந்தால் நல்லது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும். இருவர் எண்ணும் அடிக்கடி முரண்பட்டால் மதிப்பீட்டு முறையில்தான் பிழை. பிறகு அதே ரகசியக் குறியீட்டில் மாணவரின் நம்பிக்கையையும் செயலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நம்பிக்கை அதிகம், செயல் குறைவு என்று ஒரு கூட்டம் வரும். இவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். 1999-இல் உளவியலாளர்கள் க்ரூகரும் டன்னிங்கும் வெளியிட்ட ஆய்வு பிரபலம். தேர்வில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் உண்மையான இடம் சராசரியாக 12-ஆவது சதமானம் (நூறு பேரை வரிசைப்படுத்தினால் கீழிருந்து 12-ஆவது இடம்), அவர்கள் தங்களை நினைத்துக்கொண்டதோ 62-ஆவது சதமானம். அதில் ஒரு பகுதி வெறும் புள்ளியியல் விளைவு என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள், அது நியாயமான விமர்சனம். அதே ஆய்வில் குறைவாகப் பேசப்படும் ஒரு செய்தியும் உண்டு: அந்தத் திறனையே கற்றுக்கொடுத்ததும் அவர்களின் சுயமதிப்பீடு உண்மைக்கு நெருங்கி வந்தது. உங்கள் சராசரி இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் அந்த இறக்கம் பயிற்சிக்குக் கிடைத்த வெற்றி.

நான் கவலைப்படுவது இரண்டாவது கூட்டத்தைப் பற்றி. செய்ய முடிகிறது, ஆனால் முடியாது என்று நம்புகிறார்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கேம்பஸ் டிரைவ் அறிவிப்பு வந்தால் பெயர் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். தகுதி இல்லாததால் வரவில்லை என்று நாமும் நினைத்துக்கொள்வோம். ஹாக்கெட்டும் பெட்ஸும் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே இப்படிப்பட்டவர்களுக்காக. 1981 ஆய்வில் 20 தொழில்களைப் பட்டியலிட்டு, இதற்கான படிப்பை முடிக்க முடியுமா, வேலையைச் செய்ய முடியுமா என்று கல்லூரி மாணவ மாணவியரிடம் கேட்டார்கள். மாணவர்களின் நம்பிக்கை எல்லா வகைத் தொழிலுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. மாணவிகளின் நம்பிக்கை, பெண்கள் வழக்கமாகப் போகும் தொழில்களுக்கு உயர்ந்தும் ஆண்களுக்கு உரியது என்று கருதப்பட்டவற்றுக்குத் தாழ்ந்தும் இருந்தது. திறன் தேர்வு மதிப்பெண்ணில் இரு சாராருக்கும் அப்படி வித்தியாசம் இல்லை.

இன்னொரு சான்று, கேள்வி எழுதுகிறவர்களுக்கு மிகவும் தேவையானது. பல நாட்டு மாணவர்களின் கல்வித்திறனை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வில், 2012-இல் 15 வயது மாணவர்களிடம் கணக்கு நம்பிக்கையைக் கேட்டார்கள். 3x+5=17 போன்ற சமன்பாட்டைத் தீர்க்க முடியுமா என்ற இடத்தில் ஆண், பெண் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. ஒரு காரின் பெட்ரோல் செலவு விகிதத்தைக் கணக்கிட முடியுமா என்று கேட்டபோது, வளர்ந்த நாடுகளின் சராசரியில் பையன்களில் 67 சதவீதம் பேர் முடியும் என்றார்கள், பெண்களில் 44 சதவீதம் பேர்தான். போடுவது வெறும் வகுத்தல் கணக்கு. கார் என்ற சொல் வந்ததும் பெண்கள் ஒதுங்கினார்கள். உங்கள் கேள்விகளிலும் இப்படிப்பட்ட சூழல்கள் ஒளிந்திருக்கும். இரவு ஷிஃப்ட், வெளியூர், கிரிக்கெட் உதாரணம், கார்ப்பரேட் வாசகம் எதுவானாலும் அது திறனோடு சேர்ந்து வேறொன்றையும் அளந்துவிடும். ஆண், பெண், தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரித்து ஒவ்வொரு கேள்வியையும் பாருங்கள். செயலில் வித்தியாசம் இல்லாமல் நம்பிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், கேள்வியை மறுபடி படியுங்கள். கேள்வி சரிதான் என்று தெரிந்தால், அந்த மாணவிகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்களைப் படிப்பது பற்றிச் சில வார்த்தைகள். சராசரி இரண்டு எதிரெதிர் மாற்றங்களை மறைத்துவிடும். மிகை நம்பிக்கை உள்ளவர்கள் இறங்கி, ஒடுங்கியிருந்தவர்கள் ஏறினால் சராசரி அசையாது, ஆனால் அது மிக நல்ல முடிவு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன், பின் வித்தியாசத்தைத் தனியாக எடுத்து, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், அவர்களின் செயல் எப்படி என்று பாருங்கள். தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தால், பயிற்சி இல்லாமலேயே அவர்கள் அடுத்த முறை கொஞ்சம் ஏறித்தான் இருப்பார்கள். அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரண்டு பிரிவு இருந்தால் ஒன்றுக்கு ஜூலையிலும் மற்றதற்கு டிசம்பரிலும் பயிற்சி வைத்து, இருவரையும் நவம்பரில் அளந்தால், காத்திருக்கும் பிரிவே ஒப்பீட்டுக்கு உதவும். யாருக்கும் பயிற்சி கிடைக்காமல் போகாது.

க்ரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண் 0.9 வந்துவிட்டது, அளவுகோல் சரியானது என்று ஆய்வறிக்கைகளில் எழுதுகிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண் போட்டாலும், எல்லாக் கேள்வியும் ஆங்கிலப் பயத்தையே அளந்தாலும் ஆல்ஃபா உயர்ந்துதான் வரும். செய்து பார்த்த செயலோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமான சோதனை.

துறைகளையும் கல்லூரிகளையும் ஒப்பிட்டுத் தரவரிசை போடவே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பக்கத்து பெஞ்சில் இருப்பவரோடுதான் தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். நன்றாகப் படிக்கும் வகுப்பில் சுமாரானவர் 50 போடுவார், அவரே வேறு வகுப்பில் இருந்தால் 80 போடுவார். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று மேலிடம் கேட்டால், பீசா 2012-இல் செய்ததுபோல் கற்பனை மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பற்றி ஓரிரு வரி எழுதி, அவர்களுக்கும் எண் போடச் சொல்லுங்கள். "இவர் தயாரித்ததை நன்றாகப் பேசுகிறார், கேள்வி கேட்டால் நின்றுவிடுகிறார். இவருடைய நேர்காணல் திறனுக்கு எவ்வளவு?" ஒரு வகுப்பு அவருக்கு 40-உம் இன்னொரு வகுப்பு 70-உம் போட்டால், இரு வகுப்பின் கையில் இருப்பதும் ஒரே அளவுகோல் இல்லை என்று தெரிந்துவிடும்.

அளந்த பிறகு என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நம்பிக்கை நான்கு வழியில் வளரும் என்று பந்துரா சொன்னார்: தானே செய்து வெற்றி பெறுவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மதிக்கும் ஒருவர் சொல்வது, உடலின் பதற்றத்தைச் சமாளிக்கக் கற்பது. இதில் முதலாவதே வலுவானது. 2022-இல் நான் முதல்வன் திட்டம் தொடங்கிய பிறகு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பலவகைப் பயிற்சிகள் வருகின்றன. அரங்கில் முந்நூறு பேரை உட்கார வைத்து நடத்தும் பேச்சுக்கும், பத்துப் பேரை ஆளுக்கு மூன்று முறை நேர்காணலில் உட்கார வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மேலே சொன்ன படிநிலைக் கேள்விகள் தெளிவாகக் காட்டிவிடும். ஒடுங்கியிருக்கும் மாணவிக்குப் பெரிய நிறுவனத்தின் அதிகாரி வந்து பேசுவதைவிட, அவர் ஊரிலிருந்து அதே பஸ்ஸில் வந்து படித்துப் போன வருடம் வேலைக்குப் போன அக்கா வந்து பேசுவது கூடுதலாக உதவும். செயலில் நன்றாக வந்தவருக்கு அந்த மதிப்பீட்டுத் தாளையே கையில் கொடுங்கள். பொதுவாகப் பாராட்டுவதைவிட "நான்காவது கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலுக்கு இருவரும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்" என்று காட்டுவது மனதில் நிற்கும். பெயர் இல்லாததால் குறியீட்டை அறிவித்து, விரும்புகிறவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லலாம்.

இந்தப் பருவத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை என்றால், நேர்காணல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து படிக் கேள்விகள் தமிழில், ரகசியக் குறியீடு, ஒரு மாதிரி நேர்காணல், முடிவில் பின்னோக்கிய கேள்வி. ஒரு வகுப்போடு தொடங்கினால் போதும். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து அதே ஐந்து கேள்விகளை வாட்ஸ்அப் குழுவில் மறுபடி அனுப்புங்கள், வேலை கிடைத்ததா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்து. வேலை கிடைத்தவர்கள் தாமாகவே பதில் அனுப்புவார்கள். கிடைக்காதவர்களுக்குத் தனியாகப் போன் செய்து கேட்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.